மாற்றிப் பார்க்காத பாகம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

இங்கே நான் சௌக்கியமாக இருக்கிறேன். நீ, அத்தான், அம்மா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறானே என்று பார்க்கிறாயா? என் வீட்டு லைன் கொஞ்ச நாளாகச் சரியில்லை. நீ பேசுவது கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போல் இருக்கிறது. பேசி முடித்தபின் என்ன பேசினோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பதற்கு எழுதிவிடுவது மேல். உன் கையெழுத்தைப் பார்த்தும் நாளாயிற்று.

விஷயம் இதுதான். எருமைக்கு உடம்பு சரியில்லை. அத்தான் பெயர் வைத்த, என் கிட்டாரின் அதே கறுப்பு வால்வு ஆம்ப்தான். பார்சலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஸ்பீக்கர் பெட்டி என்னிடமே இருக்கிறது.

மெட்டல் இசை வாசிக்க ஒரு ஆம்பிடம் நான் இரண்டு விஷயம் எதிர்பார்ப்பேன். உள்ளங்கை ஓரத்தால் தடித்த கம்பியை அமுக்கிக்கொண்டு அடித்தால், சத்தம் கல் விழுவது போல் விழுந்து அங்கேயே நிற்க வேண்டும். வழிந்து ஓடக் கூடாது. அடுத்தது, உறுமலைக் கூட்டும் கெயினை எவ்வளவு ஏற்றினாலும், விரலிடையில் பிடிக்கும் பிக் கம்பியில் உரசும் அந்தக் கூர்மை மேலே தனியாகத் தெரிய வேண்டும். எருமையிடம் இரண்டும் இருந்தன. இப்போது கல் விழுகிறது, உரசல் போய்விட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறுமுகிறது. வால்வு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இங்குள்ள மெக்கானிக் ‘ஒண்ணுமில்ல’ என்று கையை விரிக்கிறார்.

மே மாதம் எங்கள் பேண்டின் ரெக்கார்டிங். அதன்பின் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். எருமையை நம்புவதா, புதிதாக ஒன்று வாங்குவதா என்று நான்தான் சொல்ல வேண்டும். “காது உன்னுது, முதுகு எங்களுது. நீ சொல்றதை நாங்க தூக்குறோம்” என்கிறான் எங்கள் டிரம்ஸ்காரன் இடி. பகலில் நான் வேலை பார்க்கும் இசைக்கருவிக் கடையிலும் இதே கதைதான். எந்த ஆம்ப் யாருக்குப் பொருந்தும் என்று நான் வாசித்துக் காட்டிச் சொன்னால்தான் ஆட்கள் வாங்குகிறார்கள். முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. ‘காதைக் கூப்பிடு’ என்பார்.

உன் பாலிடெக்னிக் லேபில் கருவிகள் இருக்கின்றன. பார்த்துச் சொல்.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

சின்னவன்

•

பிப்ரவரி 19

சின்னவனுக்கு,

வீட்டில் அனைவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

எருமை வந்து சேர்ந்தது. பார்சல்காரர்களில் ஒருவர் வாசலில் இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்தியபடி, “உள்ள என்ன சார், பொணமா?” என்றார். “இன்னும் இல்ல. வைத்தியத்துக்கு வந்திருக்கு” என்றார் உன் அத்தான்.

வகுப்புகள் முடிந்தபின் லேப் மேசையில் வைத்துத் திறந்தேன். ஒவ்வொரு வால்விலும் அலை எப்படி நுழைந்து எப்படி வெளியே வருகிறது என்று அலைகாட்டியில் பார்த்தேன். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை சிக்னல் கொடுத்துப் பார்த்தேன். உச்ச ஒலிகள் எங்கும் குறையவில்லை. பவர் வால்வுகள் நான்கும் ஒன்றுபோல் சூடாகின்றன. பென்சிலால் தட்டினால் முன்வரிசையில் ஒரு வால்வு மட்டும் லேசாக ‘டிங்’ என்கிறது. அது பெரிய குறையில்லை. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். பிசகவில்லை.

கடைசியில் நீ விட்டுப்போன பழைய கிட்டாரைக் கொண்டுபோய், லேப் ஸ்பீக்கரில் மாட்டி, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். உள்ளங்கையை வைத்து அமுக்கி ‘ஜக் ஜக்’ என்று அடித்தேன். பக்கத்து அறையிலிருந்து வரைபட ஆசிரியர் ஓடிவந்து, “ஏதாவது வெடிச்சிருச்சா மேடம்?” என்றார். உன் இசை எனக்கு எப்போதும் தகரக் கொட்டகை சரிவது போலத்தான். ஆனால் நீ சொன்ன அந்த உரசல் எனக்குத் தெளிவாகக் கேட்டது, பல்லில் மணல் கடிபடுவது போல.

ஆகவே நான் எதையும் மாற்றவில்லை. மூடி, நாளை திருப்பி அனுப்புகிறேன். உன் ஸ்பீக்கர் பெட்டியைச் சந்தேகப்படு.

லைன் சரியானதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பழையபடி பேசு. நீ இங்கே இருந்தவரை உன் அறைக் கதவைத் தட்டி, “சத்தத்தைக் குறைடா!” என்று கத்துவதே அவளுக்கு வேலை. இப்போது வீடு அமைதியாக இருப்பதைக் குறை சொல்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம்தானே? நான் நலம், அதைவிட எருமை நலம்! உன் கடிதம் இன்னும் வரவில்லை, எருமை முந்திக்கொண்டது.

என்ன மாயம் செய்தாய்? மாட்டி ஒரு அடி அடித்தேன். உரசல் திரும்பிவிட்டது. கம்பளியை உருவிப் போட்டுவிட்டாய். எந்தப் பாகத்தை மாற்றினாய்? கெப்பாசிட்டரா? எழுது. ‘ஒண்ணுமில்ல’ என்ற மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.

இடி மட்டும் உதட்டைப் பிதுக்கினான். “முன்ன மாதிரியேதான்டா இருக்கு.” டிரம்ஸ் அடிக்கிறவனுக்குக் கை போதும், காது எதற்கு என்றேன். அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதிய ஆம்ப் வாங்கும் பேச்சே இனி இல்லை. அம்மாவிடம் சொல், அவள் மகள் கெட்டிக்காரி.

லைன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எழுதுவோம்.

சின்னவன்

•

மார்ச் 11

சின்னவனுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துபோயிருக்கின்றன. இதற்குள் என்னுடையதைப் படித்திருப்பாய். நான் எதையும் மாற்றவில்லை. லாரியில் குலுங்கியதில் ஏதாவது ஒரு வால்வு சாக்கெட்டில் சரியாக உட்கார்ந்திருக்கலாம். அப்படியும் நடப்பதுண்டு.

இந்த வரியை எழுதிவிட்டு, உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன்.

போன வாரம் உன் வீட்டுக்கு போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. ஆனால் மணி அடிப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. லைனில் கரகரப்பு எதுவும் இல்லை. நீ அப்போது வீட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம்.

சளி ஏதாவது பிடித்திருக்கிறதா? சளி பிடித்தால் சிலருக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஒரு டாக்டரைப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அத்தானும்.

அக்கா

•

ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபப்படாதே. அம்மா, அத்தான், நீ எல்லாரும் சுகம் என்று நினைக்கிறேன். இங்கே வேலை மூச்சு விடவில்லை.

எருமை இரண்டு நாள்தான் ஒழுங்காக இருந்தது. மறுபடி அதே கம்பளி. ஸ்பீக்கர்களை மாற்றினேன். கம்பி, வயர், பிக், கிட்டாரையும் மாற்றினேன். போதும் என்று ஆகிவிட்டது. கடைக்குப் புதிதாக வந்த ஒன்றை வாங்கிவிட்டோம். இதுவும் வால்வுதான். கெயின் எருமையைவிட ஒரு படி அதிகம். அமுக்கி அடித்தால் கதவைச் சாத்தியது போல நிற்கிறது. பெட்டி உறுதி, டிரான்ஸ்ஃபார்மர் கனம். வருஷக்கணக்கில் உழைக்கும் என்று என் வாயாலேயே மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டேன். உரசல் மட்டும் கொஞ்சம் கூச்ச சுபாவம். மேல் ஒலியைக் கூட்டும் ட்ரெபிளையும் பிரசென்ஸையும் கடைசிவரை திருகினால் வெளியே வந்துவிடுகிறது.

கடையில் இதை வாசித்துப் பார்த்தபோது வாடிக்கையாளர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். மெட்டல் எல்லாருக்கும் பிடிக்குமா என்ன?

இந்தக் காலத்தில் ஆட்கள் வரவர வாயைத் திறந்தே பேசுவதில்லை, கவனித்திருக்கிறாயா? முதலாளி முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்.

அம்மாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்.

சின்னவன்

•

ஏப்ரல் 27

அக்காவுக்கு வணக்கம்.

நீங்க, வீட்ல அம்மா, சார், எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். நான் இடி. உங்க தம்பிகூட டிரம்ஸ் அடிக்கிறவன். கடிதம் எழுதிப் பழக்கமில்ல. தப்பிருந்தா பேப்பர் திருத்துற மாதிரி திருத்திக்குங்க, மார்க்கை மட்டும் குறைச்சிடாதீங்க. முகவரியை அவன் மேசையிலிருந்து எடுத்தேன். அவனுக்குத் தெரியாது.

புது ஆம்ப் எங்களைக் கொல்லுது அக்கா. குண்டூசியை வாரி முகத்துல வீசுற மாதிரி இருக்கு. பாடுறவன் பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் ரிகர்சலுக்கே வர்றான். ‘குறைடா’ன்னு சொன்னா, ‘இதுக்கே மந்தமா இருக்கு, இன்னும் குறைக்கவா?’ன்னு முறைக்கிறான். பாட்டு ஆரம்பிக்க நான் குச்சியைத் தட்டுவேன் இல்லையா, முன்னெல்லாம் அவன் எங்கேயோ பார்த்துக்கிட்டு இருப்பான், ஆனா டாண்ணு சேர்ந்துடுவான். இப்ப என் கையையே பார்க்கிறான். நான் ஜோக் அடிச்சா, நாங்க சிரிக்கிறதைப் பார்த்துட்டு அப்புறமா சிரிக்கிறான்.

அவன் காதை நம்பித்தான் நாங்க பேண்டு ஆரம்பிச்சோம். இதை அவன்கிட்ட யார் போய்ச் சொல்றது? எனக்கு வாய் வரலை. நீங்க படிச்சவங்க. ஆம்ப்லதான் கோளாறுன்னு ஒரு வார்த்தை எழுதுங்க அக்கா, நாங்க நம்பிடுறோம். அப்படி இல்லைன்னா அவன்கிட்ட எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லுங்க.

சின்ன வயசுல அவனுக்குக் காதுல ஏதாவது இருந்துச்சா?

அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க.

இப்படிக்கு,
இடி

•

மே 5

சின்னவனுக்கு,

நலம். உன் நலத்தை அறிய ஆவலாக இருக்கிறேன், வழக்கத்துக்கு எழுதும் வரி அல்ல இது.

முதல் ஆண்டு மாணவர்களுக்குக் கோளாறு கண்டுபிடிக்கும் பாடம் இந்த வாரம் எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். ஒரு கருவி சரியாக வேலை செய்யவில்லை, எந்தப் பாகம் கெட்டது என்று தெரியவில்லை. அப்போது நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பாகத்தை எடுத்து, சந்தேகப்படும் பாகத்துக்குப் பதிலாக மாட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு போகவில்லையென்றால் பழைய பாகம் குற்றமற்றது. அடுத்ததற்குப் போக வேண்டும். இப்படியே போனால் கடைசியில் மாற்றிப் பார்க்காத ஒரு பாகம் மிஞ்சும். கோளாறு அதில்தான் இருக்கும்.

கரும்பலகையில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது உன் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. வால்வை மாற்றினாய். ஸ்பீக்கரை மாற்றினாய். கம்பி, வயர், பிக், கிட்டார். கடைசியில் ஆம்பையே மாற்றினாய். அதிலும் உரசல் ‘கூச்ச சுபாவம்’ என்கிறாய்.

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. “மேடம், மிஞ்சினது எது?” என்று முதல் வரிசையிலிருந்து கேட்டார்கள்.

அப்பாவைப் பற்றி நாம் இருவரும் பேசி எவ்வளவு காலமாயிற்று? அச்சகத்து மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றவர். உன் வயதில் அவர் எப்படி இருந்தார் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. நாம் என்ன சொன்னாலும், “நல்லது, நல்லது” என்பார். பரீட்சையில் தேறிவிட்டேன் என்றாலும் நல்லது. பல் வலிக்கிறது என்றாலும் நல்லது. சாந்தமான மனிதர் என்று ஊரே சொன்னது.

உடனே பதில் எழுது.

அக்கா

•

ஜூன் 1

சின்னவனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அத்தானும் நானும் நலம். அம்மாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து உன் கடைக்கு போன் செய்தேன். யாரோ உன்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தார்கள்.

“சின்னவனே, அம்மா விழுந்துட்டா. கை முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்” என்றேன்.

“ஓ, அக்காவா! ம், ம். நல்லதுக்கா. ரொம்ப சந்தோஷம்” என்றாய்.

“டேய், அம்மா அழறாடா” என்றேன்.

“சரிக்கா, சரிக்கா. எல்லாரையும் கேட்டதாச் சொல்லு” என்று வைத்துவிட்டாய். குரலில் அத்தனை உற்சாகம். அது அப்பாவின் உற்சாகம். எதிராளி இன்னொரு கேள்வி கேட்டுவிடுவதற்குள் பேச்சை முடித்துவிடும் உற்சாகம்.

கட்டிலுக்குத் திரும்பியதும், “என்ன சொன்னான்?” என்று அம்மா கேட்டாள். லைன் கிடைக்கவில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. கடிதத்தில் எழுதினால்தான் உனக்கு வந்து சேரும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா தேறி வருகிறாள். கவலைப்படாதே.

அக்கா

•

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

அம்மாவின் கை எப்படி இருக்கிறது? வலி இருக்கிறதா? தூங்குகிறாளா? உன் கடிதத்தைக் கடைக் கிடங்கில் நின்று படித்தேன். அதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியவில்லை. வேறொன்றை எழுதுகிறேன்.

ரெக்கார்டிங் தள்ளிப்போய், போன வாரம்தான் தொடங்கியது. முதல் நாள், இரண்டாவது பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தால் இடி குச்சிகளைக் கீழே போட்டிருந்தான். பாடுகிறவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எதையோ கத்தினார். அவருடைய வாய் மட்டும் தெரிந்தது.

ஆம்ப் ஊளையிட்டிருக்கிறது. மேலே, ரொம்ப மேலே, விசில் போல. வாசிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லையாம். நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பிறகு மூக்குக்குத் தெரிந்தது, கருகல் வாசனை. பவர் வால்வுகள் உள்ளே செக்கச்செவேலென்று எரிந்தன. இடி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆம்பைப் பார்த்தேன்.

வருஷக்கணக்கில் உழைக்கும் என்று நான் தீர்ப்புச் சொன்ன ஆம்ப் அது. உனக்கு அனுப்பியிருக்கிறேன். என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல். எதையும் விடாமல் சொல்.

மீதிப் பாட்டுகளை எருமையை வைத்து முடித்தோம். திருகுகளைப் பாடுகிறவன்தான் வைத்தான். வைத்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் புள்ளி போட்டுவிட்டான். நான் தொடவில்லை.

இடி உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். அவன் முகத்தில் எதுவும் நிற்காது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

சின்னவன்

•

ஜூலை 14

சின்னவனுக்கு,

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல்களை மடக்கப் பழகுகிறாள். நாங்கள் நலம்.

உன் புதிய ஆம்பைத் திறந்து பார்த்தேன். எதையும் விடாமல் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன். வெளியே போகும் வயர் ஒன்றை, உள்ளே வரும் வயருக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். அது செய்தவர்களின் தவறு. அதனால் வெளியே போன சத்தத்தில் ஒரு துளி திரும்ப உள்ளே கசிந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாகியிருக்கிறது. வால்வுகள் தாங்காமல் சிவந்து, டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. இது ஆம்பின் பக்கம்.

புதிய டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, அந்த வயரை மட்டும் வேண்டுமென்றே அப்படியே விட்டுச் சோதித்தேன். திருகுகளை நடுவில் வைத்தால் ஊளையில்லை. முக்காலில் வைத்தாலும் இல்லை. கெயின், ட்ரெபிள், பிரசென்ஸ் மூன்றையும் கடைசிவரை திருகினால்தான் வருகிறது. இது உன் பக்கம். இரண்டையும் எழுதிவிட்டேன். வயரை விலக்கிக் கட்டியாயிற்று. நல்ல ஆம்ப்தான். உழைக்கும்.

அந்த ஊளை வந்தபோது லேபில் நான் ஒருத்திதான் இருந்தேன். சுவிட்சை அணைக்கக் கை போனது, ஆனால் அணைக்கவில்லை. இதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ கண்ணை மூடி வாசித்திருக்கிறாய் என்று நினைத்தேன். தலைக்குள் ஊசி இறங்குவது போன்ற சத்தம். அதன்பின் அணைத்தேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நானாகச் சிலதை விட்டுவிட்டுப் படித்துக்காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: “எனக்குத் தெரியாதாடி? போன் பண்றதை நிறுத்தினான் பாரு, அன்னிக்கே தெரியும். உங்கப்பாவும் முதல்ல போனைத்தான் தொடாம விட்டாரு. எந்தக் காது போச்சுன்னு கேட்டு எழுது. உங்கப்பாவுக்கு இடது.”

கேட்டு எழுதிவிட்டேன்.

அக்கா

•

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

அம்மாவின் விரல்கள் மடங்குகின்றனவா?

இடதுதான் முதலில். இப்போது இரண்டும்.

டாக்டரைப் பார்த்தேன். பஞ்சு ஒட்டிய அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அமுக்காமல் இருக்க வெட்கமாக இருந்தது, கேட்காதபோதும் அவ்வப்போது அமுக்கினேன். பரிசோதித்த பெண் கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டது போல இருந்தது. அப்பாவிடமிருந்து வந்தது பாதி, இத்தனை வருஷச் சத்தத்தில் நானாகச் சேர்த்தது பாதி என்கிறார் டாக்டர். திரும்பாது என்றும் சொன்னார். காதுக்கருவி மாட்டினால் பேச்சு ஓரளவு புரியுமாம். ஆம்புக்குத் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

முதலாளியிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கிடங்கு வேலைக்கு மாற்றியிருக்கிறார். மறுநாள் காலை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கேட்கவில்லை. கணக்கு எழுதும் பெண் தோளைத் தொட்டு, “உங்களைத்தான் கூப்பிடறார்” என்றாள். “எப்படிக் கூப்பிட்டார்?” என்றேன். அவள் உதடுகள் என் பெயரைச் சொல்லின.

சுற்றுப்பயணத்துக்கு வேறொருவன் வாசிக்கப் போகிறான். நல்ல கை. எருமையும் அவனோடு போகிறது. நான்தான் கொண்டுபோகச் சொன்னேன். முதுகு அவர்களுடையது. காது இனி வேறொருவனுடையது.

எருமை போவதற்கு முன் வரும் ஞாயிறு காலை போன் செய்கிறேன். போனில் இருக்கும் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கி அம்மா பக்கத்தில் வை. நான் பேசுவேன். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். சொன்னாலும் எனக்குச் சொற்களாக வராது. பேசிவிட்டு வாசிக்கிறேன். எருமை எப்படி இருந்தது என்று நீ எழுது. எனக்காக எதையும் கூட்டி எழுதாதே.

சின்னவன்

•

ஆகஸ்ட் 20

சின்னவனுக்கு,

அம்மாவின் விரல்கள் மடங்குகின்றன. ரிசீவரைப் பிடிக்க முடிகிறது. அத்தான் நலம். நானும்.

நீ பேசினாய். நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். நீ ஒவ்வொரு கேள்வியும் கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டாய். அந்த இடங்களில் எல்லாம் அம்மா பதில் சொன்னாள். வேண்டாம் என்று நான் கையைக் காட்டியும் சொன்னாள். கை வலிக்கிறதா என்று கேட்டாய். “மழை வந்தா கொஞ்சம்” என்றாள். கோபமா என்று கேட்டாய், “போடா” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நீ அடுத்ததற்குப் போய்விட்டாய்.

பிறகு வாசித்தாய். கூட்டி எழுதாதே என்றாய்.

கீழே இறுக்கமாக இருந்தது. கல் விழுந்தது, விழுந்த இடத்தில் நின்றது. வேகம் எங்கும் தளரவில்லை. ஆனால் உரசல் இல்லை. போன் லைன் மேலே உள்ள ஒலிகளை வெட்டிவிடும், உனக்கே தெரியும். கிட்டத்தட்ட உன் காதுக்கு எப்படி வருகிறதோ அப்படித்தான் எங்களுக்கும் வந்தது. எருமை எங்கள் மேசைமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறுமியது. பிப்ரவரியில் நீ எழுதிய வார்த்தை சரிதான். இத்தனை நாள் ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று அலைகாட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். மந்தம்தான், சின்னவனே. எவ்வளவு மந்தம் என்று இப்போதுதான் கேட்டேன்.

கருவிக்கு அளவெடுக்கும் நாளை எழுது. விடுமுறை சொல்லிவிட்டு வருகிறேன். அப்பா தன்னுடையதை மாட்டாமலே வைத்திருந்தார். நீ அப்படிச் செய்யக் கூடாது.

இன்னொன்று. உனக்குக் கேட்டிருக்காது என்பதால் எழுதுகிறேன். நீ கடைசிப் பாட்டில் வேகம் எடுத்தபோது மேசைமேல் போனை ஒட்டி இருந்த தம்ளர் அதிரத் தொடங்கியது. அம்மா பழைய பழக்கத்தில் போனைப் பார்த்து, “சத்தத்தைக் குறைடா!” என்று கத்திவிட்டாள். கத்திய பிறகு முறிந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீ குறைக்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தாய். நீ போனை வைக்கும்வரை நாங்கள் பட்டனைத் தொடவில்லை.

அக்கா